வினையூக்கி ஆன்டிபாடியின் படிக அமைப்பைப் படிப்பது எப்படி?

ஆன்டிபாடி என்றால் கிருமியைப் பிடித்துக்கொள்ளும் புரதம் என்று பள்ளியில் படித்திருப்போம். பிடிப்பதோடு நிற்காமல் ஒரு வேதிவினையையே வேகப்படுத்தும் ஆன்டிபாடிகளை 1986-இல் ரிச்சர்ட் லெர்னர், பீட்டர் ஷுல்ட்ஸ் ஆகியோரின் குழுக்கள் தனித்தனியே அறிவித்தன. அந்த வகையில் 48ஜி7 என்ற ஒன்றை எடுத்து, அதன் படிக அமைப்பிலிருந்து (புரதத்தைப் படிகமாக்கிக் கண்டறிந்த அணுக்களின் முப்பரிமாண இருப்பிடங்களிலிருந்து) வினை எப்படி நடக்கிறது என்று படிக்கப் போகிறோம். கணினியில் ஒரு பிரவுசர் இருந்தால் போதும்.

படி 1: முதலில் பேப்பரில் வரையுங்கள்

புரதத்தை உடனே திறந்துவிடாதீர்கள். 48ஜி7 செய்யும் வேலை, பாரா நைட்ரோஃபீனைல் எஸ்டரை நீரால் உடைப்பது. எஸ்டரின் கார்பனைல் கார்பன் (ஆக்சிஜனுடன் இரட்டைப் பிணைப்பில் உள்ள கார்பன்) தட்டையானது. அதன்மேல் ஹைட்ராக்சைடு அயனி வந்து மோதும்போது அந்தக் கார்பன் நான்முகி வடிவத்துக்கு மாறுகிறது, பக்கத்து ஆக்சிஜனில் எதிர்மின் சுமை சேர்கிறது. வினை ஏற வேண்டிய ஆற்றல் மேட்டின் உச்சி இதற்கு அருகில்தான் இருக்கிறது. அந்த உச்சி நிலையை இடைநிலை என்பார்கள். கண நேரம்கூட நிலைக்காது, பிடித்து வைக்க முடியாது.

படி 2: ஹாப்டனைப் புரிந்துகொள்ளுங்கள்

என்னைக் கேட்டால் முக்கியமான படி இதுதான். பிடிக்க முடியாத இடைநிலைக்குப் பதிலாக, அதே சாயலில் நிலையான ஒரு மூலக்கூறைச் செய்தார்கள். கார்பன் இருக்க வேண்டிய இடத்தில் பாஸ்பரஸ்: எப்போதும் நான்முகி, ஆக்சிஜன்களில் எதிர்மின் சுமை. இந்தப் பாஸ்பனேட்தான் ஹாப்டன், அதாவது ஆன்டிபாடியை உருவாக்கவைக்க எலிக்குச் செலுத்தும் சிறிய மூலக்கூறு. அதை மட்டும் செலுத்தினால் எலியின் நோய் எதிர்ப்பு மண்டலம் கண்டுகொள்ளாது. அதனால் ஒரு கார்பன் சங்கிலி வழியாகப் பெரிய புரதத்துடன் இணைத்துச் செலுத்தினார்கள். இடைநிலையின் சாயலைப் பிடிக்கும் ஆன்டிபாடி, உண்மையான இடைநிலையையும் தாங்கிப் பிடித்து மேட்டின் உயரத்தைக் குறைக்கும் என்பதே எதிர்பார்ப்பு.

படி 3: அமைப்பைத் திறங்கள்

புரதத் தரவு வங்கியின் (ஆர்சிஎஸ்பி) தளத்தில் 1ஜிஏஎஃப் என்ற குறியீட்டை ஆங்கில எழுத்துகளில் தேடி, முப்பரிமாணப் பார்வையைத் திறங்கள். தெரிவது முழு ஆன்டிபாடி அல்ல, ஃபேப் எனப்படும் ஒரு கை மட்டும்: ஒரு லேசான சங்கிலி (எல்), ஒரு கனமான சங்கிலியின் ஒரு பகுதி (ஹெச்). ஹாப்டன்மேல் கிளிக் செய்தால் படம் அங்கே நெருங்கி, சுற்றியுள்ள அமினோ அமிலங்களைக் காட்டும்.

படி 4: குழியைப் பாருங்கள்

நைட்ரோஃபீனைல் வளையம் ஆழத்தில் புதைந்திருக்கிறது. மறுமுனையில் உள்ள கார்பன் சங்கிலி வெளியே நீரை நோக்கி நீள்கிறது. எலிக்குச் செலுத்தியபோது அந்த முனையில் பெரிய புரதம் ஒட்டியிருந்ததே, அதனால்தான்.

இப்போது பாஸ்பனேட் ஆக்சிஜன்களைச் சுற்றித் தேடுங்கள். எல்96 ஆர்ஜினின் (எல் சங்கிலியில் 96-ஆம் இடத்து அமினோ அமிலம்), ஹெச்35 ஹிஸ்டிடின், ஹெச்33 டைரோசின் ஆகிய மூன்றும் கண்ணில் பட வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளில் வரும் இந்த எண்கள், ஆன்டிபாடிகளுக்கென்றே உள்ள கபாட் எண்ணிடும் முறையில் அமைந்தவை. கோப்பில் உள்ள வரிசை எண்ணோடு பொருந்தாவிட்டால் எண்ணை விட்டுவிடுங்கள். ஹாப்டனிலிருந்து 4 ஆங்ஸ்ட்ராமுக்குள் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) என்ன இருக்கிறது என்று பார்த்தாலே போதும்.

அப்புறம் தூரத்தை அளக்கலாம். இந்தப் படிக அமைப்பின் சுமார் 2 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் ஹைட்ரஜன் அணுக்கள் தெரியாது. ஆகவே நைட்ரஜனிலிருந்து ஆக்சிஜனுக்கும், ஆக்சிஜனிலிருந்து ஆக்சிஜனுக்கும் அளக்க வேண்டும். 2.5 முதல் 3.5 ஆங்ஸ்ட்ராம் வரை வந்தால் ஹைட்ரஜன் பிணைப்பு என்று எடுத்துக்கொள்ளலாம்.

படி 5: வினையை ஓட்டிப் பாருங்கள்

சரி, மனதில் பாஸ்பரஸை எடுத்துவிட்டு மறுபடி கார்பனை வையுங்கள். எஸ்டர் குழிக்குள் வருகிறது. கரைசலில் இருக்கும் ஹைட்ராக்சைடு கார்பனைலைத் தாக்குகிறது. ஆக்சிஜனில் சேரும் எதிர்மின் சுமையை ஆர்ஜினினின் நேர்மின் சுமையும், ஹிஸ்டிடின், டைரோசின் தரும் ஹைட்ரஜன் பிணைப்புகளும் தாங்குகின்றன. பிறகு பாரா நைட்ரோஃபீனாலேட் பிரிந்து போகிறது. அது மஞ்சள் நிறம் என்பதால் ஆய்வகத்தில் நிறம் ஏறுவதை வைத்தே வேகத்தை அளந்துவிடலாம்.

இங்கே என்ன இல்லை என்பதையும் பாருங்கள். கைமோடிரிப்சின் போன்ற செரிமான நொதியில் செரின் என்ற அமினோ அமிலம் ஒன்று தானே போய்க் கார்பனைலைத் தாக்கும். 48ஜி7-இல் அப்படித் தாக்கும் அமினோ அமிலம் கிடையாது. இது இடைநிலையைத் தாங்குவதோடு சரி. தாக்குவதற்கு ஒரு கை வேண்டும் என்று ஹாப்டன் கேட்கவில்லை, அதனால் குழியில் அது அமையவில்லை. வேகம் பத்தாயிரம் மடங்கு அளவிலேயே கூடுவதற்கும், நல்ல நொதிகள் இதை வெகுவாக மிஞ்சுவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

படி 6: மூதாதையோடு ஒப்பிடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஹாப்டனை இறுக்கமாகப் பிடிக்கும்படி ஆன்டிபாடி எலியின் உடலிலேயே படிப்படியாக மாறுகிறது. அந்த மாற்றங்களுக்கு முன் எலியின் உடலில் தொடக்கத்தில் இருந்த மரபணுக்களிலிருந்து 48ஜி7-இன் மூதாதையையும் உருவாக்கிப் படிகமாக்கினார்கள். ஹாப்டன் இல்லாத மூதாதை 2ஆர்சிஎஸ், ஹாப்டனோடு 1ஏஜே7. ஹாப்டன் இல்லாத 48ஜி7-க்குக் குறியீடு 1ஹெச்கேஎல்.

முதல் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்த்தால், ஹாப்டன் வந்ததும் மூதாதையின் குழி நகர்ந்து இடம் கொடுப்பது தெரியும். 48ஜி7-இல் அந்த நகர்வு அநேகமாக இல்லை. குழி முன்கூட்டியே தயாராக இருக்கிறது. இடையில் மாறியவை 9 அமினோ அமிலங்கள், பிடிப்பு கூடியதோ சுமார் 30,000 மடங்கு. அந்த ஒன்பதையும் படத்தில் குறித்துப் பாருங்கள். ஒன்றுகூட ஹாப்டனைத் தொடவில்லை. சற்றுத் தள்ளி நின்று, தொடுகிற அமினோ அமிலங்களைச் சரியான இடத்தில் நிறுத்தி வைப்பதுதான் அவற்றின் வேலை.