தோட்டத்து வீட்டை ஜி.பி.எஸ். கருவியில் ஏற்றுவது எப்படி

கல்யாண வீட்டுக்கு ஆள் ஏற்ற வேன் பேசுகிறவர்கள் என் கையில் முதலில் கொடுப்பது அழைப்பிதழைத்தான். இலங்கை மலைநாட்டில் அதில் தேயிலைத் தோட்டத்தின் பெயர் இருக்கும், தோட்டத்தின் பிரிவான டிவிஷன் பெயர் இருக்கும், தபால் போகிற ஊர் இருக்கும். வீட்டு இலக்கம் பெரும்பாலும் இருக்காது. கடிதமெல்லாம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் போய்ச் சேர்ந்தே பழகிய இடங்கள் இவை. கடிதத்துக்கு அந்த முகவரி போதும், ஜி.பி.எஸ். கருவிக்குப் போதாது. 22000 என்று தபால் குறியீட்டைக் கொடுத்தால், அதிகம் போனால் அட்டன் டவுன் நடுவில் நிறுத்திவிட்டு ‘வந்து சேர்ந்துவிட்டீர்கள்’ என்று சொல்லும். மாப்பிள்ளை வீடு அங்கிருந்து எத்தனையோ வளைவு தள்ளி இருக்கும்.

ஆகவே நான் முகவரியைக் கருவிக்கு அனுப்புவதே இல்லை. போனிலோ கொம்பியூட்டரிலோ மேப்பில் இடத்தைக் கண்டுபிடித்து, அந்தப் புள்ளியின் எண்களை எடுத்துப் போடுகிறேன். புதிதாக ஹயர் (வாடகைக்கு வேன்) ஓட வந்த தம்பிமார் இதைப் பற்றி அடிக்கடி கேட்பதால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

போனே வழி சொல்லுமே, தனிக் கருவி எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். டவுனுக்குள் ஓடுகிறவருக்குத் தேவையில்லை. பொகவந்தலாவைக்கு உள்ளே, அக்கரபத்தனைக்கு மேலே, ஹோட்டன் சமவெளியில் எல்லாம் சிக்னல் வரும் போகும். ஜி.பி.எஸ். கருவிக்குச் செய்மதி தெரிந்தால் போதும், டவர் தேவையில்லை. போனை மட்டும் நம்புகிறவர்கள் கூகுள் மேப்ஸில் நம் பகுதியை ஒஃப்லைனாக இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானிலிருந்து வந்த வேன்களில் டேஷ்போர்டோடு சேர்ந்தே வரும் திரையைப் பற்றி ஒரு வார்த்தை: அதில் இருப்பது ஜப்பான் மேப், பேசுவதும் ஜப்பான் மொழி. பாட்டுக் கேட்க அது போதும், வழி கேட்கத் தனிக் கருவி வேண்டும். என்னிடம் இருப்பது கார்மின் கம்பனியின் கருவி. கீழே சொல்வது அதை வைத்துத்தான்.

முதலில் எண்களை எடுக்க வேண்டும். போனில் கூகுள் மேப்ஸைத் திறந்து, வேண்டிய இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் சிவப்புக் குறி விழும். தேடும் கட்டத்திலோ கீழே வரும் பட்டையிலோ இரண்டு எண்கள் தெரியும். கொம்பியூட்டரில் அந்த இடத்தில் ரைட் கிளிக் செய்தால் மெனுவின் முதல் வரியே அந்த எண்கள்தான். அதன்மேல் ஒரு தடவை கிளிக் செய்தால் கொப்பி ஆகிவிடும். முதல் எண் அகலாங்கு (வடக்கு–தெற்கு), இரண்டாவது நெட்டாங்கு (கிழக்கு–மேற்கு). நம் மலைநாட்டில் முதல் எண் 6இலோ 7இலோ தொடங்கும், இரண்டாவது 80இலோ 81இலோ தொடங்கும். வேறு எதில் தொடங்கினாலும் எங்கோ பிழை.

தசமத்துக்குப் பிறகு எத்தனை இலக்கம் வேண்டும் என்று சிலர் குழம்புகிறார்கள். ஒரு பாகை அகலாங்கு என்பது ஏறக்குறைய 111 கிலோமீற்றர். நான்கு இலக்கம் இருந்தால் 11 மீற்றர் அளவுக்குத் துல்லியம் வரும், ஐந்து இருந்தால் ஒரு மீற்றர் சொச்சம். வேன் நிறுத்த ஐந்துக்கு மேல் தேவையில்லை.

வீட்டுக்காரரிடமே வாட்ஸ்அப்பில் லொகேஷன் கேட்பதுதான் பெரும்பாலும் லேசான வழி. அதிலும் இரண்டு விஷயம் இருக்கிறது. ‘லைவ் லொகேஷன்’ வேண்டாம், அது 15 நிமிடத்திலோ 1 மணித்தியாலத்திலோ 8 மணித்தியாலத்திலோ நின்றுவிடும். இப்போது இருக்கும் இடத்தை அனுப்பச் சொல்லுங்கள். அதையும் காம்பராவுக்குள் (அறைக்குள்) இருந்து அனுப்பாமல், வாசலுக்கு வெளியே, வானம் தெரிகிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். தகரத்துக்குக் கீழே இருந்து அனுப்பினால் புள்ளி பக்கத்து மலையில்கூட விழும். வந்த லொகேஷனைத் தொட்டால் கூகுள் மேப்ஸில் திறக்கும், அங்கே எண்களைப் பார்க்கலாம். பிளஸ் கோட் என்று எழுத்தும் எண்ணும் கலந்து ஒன்று வந்தால் அதை விட்டுவிடுங்கள், பெரும்பாலான கருவிகள் அதை ஏற்பதில்லை.

இனி, புள்ளியை எங்கே வைப்பது? என் அனுபவத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.

வீட்டின்மேல் வைக்காதீர்கள். கருவி புள்ளியை வாங்கியதும், அதற்கு நேர்கோட்டில் கிட்ட இருக்கிற பாதை எது என்று பார்க்கும். மலையில் நேர்கோட்டில் கிட்ட இருக்கிற பாதை பல தடவை பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருக்கும், அல்லது தலைக்கு மேலே இன்னொரு தோட்டத்தில் இருக்கும். காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள லயங்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். தண்ணீர் ஓரத்தில் புள்ளி வைத்தால், அக்கரைப் பாதையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ‘இடப்பக்கம் உங்கள் இடம்’ என்று சொல்லக்கூடும். இடப்பக்கம் பார்த்தால் தண்ணீர்தான்.

சிவனொளிபாதமலைக்கு வெளியூர்க்காரர்கள் வைக்கிற புள்ளியும் அப்படித்தான். மலையின் பெயரைத் தேடி, வந்த குறியை அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். அந்தக் குறி இருப்பது 2243 மீற்றர் உயரத்துச் சிகரத்தில். அங்கே ஏற நல்லதண்ணிப் பக்கமும் வழி இருக்கிறது, இரத்தினபுரிப் பக்கம் பலாபத்தலையிலிருந்தும் வழி இருக்கிறது. உங்கள் ஆட்கள் எந்தப் பக்கம் ஏறப் போகிறார்கள் என்பது கருவிக்கு எப்படித் தெரியும்? மஸ்கெலியா வழியாக வருகிறவர் நல்லதண்ணியில் வாகனம் நிறுத்துகிற இடத்தில் புள்ளியை வைக்க வேண்டும். ஹோட்டன் சமவெளியின் செங்குத்து விளிம்பான உலக முடிவுக்கும் இதே கதைதான். அந்த விளிம்பின்மேல் குறி வைத்தால், அதற்குக் கீழே பள்ளத்தில் ஓடுகிற பாதை கிட்ட என்று கருவி கணக்குப் போடலாம். வாகனம் நிற்பது மேலே ‘ஃபார் இன்’ என்ற இடத்தின் பக்கம், அதற்கு அப்பால் நடைதான். புள்ளி அங்கே இருக்கட்டும். நுவரெலியாவிலிருந்து வந்தால் பட்டிப்பொல வழி, ஹப்புத்தளைப் பக்கமிருந்து வந்தால் ஒஹிய வழி.

தோட்டத்து வீடு என்றால் நான் இரண்டு புள்ளி எடுப்பேன். ஒன்று, கார்பெட் ரோட்டிலிருந்து (தார் போட்ட பெரிய பாதையிலிருந்து) தோட்டப் பாதை பிரிகிற சந்தி. மற்றது, வேன் போகக்கூடிய கடைசி இடம். அது கோயிலடியாக இருக்கலாம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவாக இருக்கலாம், கொழுந்து நிறுக்கிற மடுவமாக இருக்கலாம். செய்மதிப் படத்துக்கு மாற்றிப் பார்த்தால் லயங்கள் நீளக் கூரைகளாகத் தெரியும், பெக்டரிக் கூரை தனியாகப் பெரிதாகத் தெரியும். அதை அடையாளமாக வைத்துப் பாதையை விரலால் பின்தொடர்ந்து வரலாம். தேயிலை மலைக்கு நடுவே ஓடுகிற மெல்லிய கோடுகளைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அவற்றில் பாதி கொழுந்து எடுக்கிறவர்கள் நடக்கிற குறுக்குப் பாதைகள்.

எண்கள் கையில் வந்துவிட்டால், ஒரே ஒரு இடத்துக்குக் கருவியிலேயே தட்டிப்போடுவது போதும். கார்மினில் ‘வேர் டு’ என்பதற்குள் போனால் ‘கோஆர்டினேட்ஸ்’ என்று இருக்கும். அங்கே எண்ணைத் தட்டுவதற்கு முன் ‘ஃபோர்மட்’டைப் பாருங்கள். கூகுள் தருவது தசமப் பாகை, அதாவது பாகையின் மிச்சம் தசமத்தில் வரும் எண். பல கருவிகள் வாங்கும்போதே பாகை–நிமிடத்தில் வைக்கப்பட்டிருக்கும். ஃபோர்மட்டைத் தசமப் பாகைக்கு மாற்றிவிட்டால் எந்தக் கணக்கும் போடத் தேவையில்லை.

மாற்ற முடியாத கருவி என்றால் கணக்குப் போட வேண்டும். தசமப் பகுதியை 60ஆல் பெருக்கினால் நிமிடம் வரும். அட்டன் பக்கத்துப் புள்ளி ஒன்று 6.8950, 80.5980 என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.8950ஐ 60ஆல் பெருக்கினால் 53.700. 0.5980ஐப் பெருக்கினால் 35.880. ஆக வடக்கு 6 பாகை 53.700 நிமிடம், கிழக்கு 80 பாகை 35.880 நிமிடம். பெருக்காமல் அப்படியே தட்டினால் என்ன ஆகும்? அகலாங்கில் 89.50 நிமிடம் என்று வரும், 60க்கு மேல் நிமிடம் கிடையாது என்பதால் பிழை உடனே பிடிபட்டுவிடும். நெட்டாங்கில்தான் ஆபத்து. 59.80 நிமிடம் என்பது சரியான எண் போலவே இருக்கும், கருவியும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொள்ளும். ஆனால் புள்ளி 44 கிலோமீற்றர் கிழக்கே, பண்டாரவளைப் பக்கம் போய் உட்கார்ந்திருக்கும். வடக்குக்கு ‘என்’, கிழக்குக்கு ‘ஈ’ என்று இருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

நிறைய இடங்கள் இருந்தால் தட்டிக்கொண்டிருக்க முடியாது. விருந்தினர் விடுதிகள், பெட்ரோல் செட்டுகள், டயர் கடை, இரவில் திறந்திருக்கிற சாப்பாட்டுக் கடை எல்லாவற்றையும் சீசனுக்கு முன் மொத்தமாக ஏற்றுவதுதான் என் வழக்கம். கூகுளின் ‘மை மேப்ஸ்’ பக்கத்தில் ஒரு மேப் உருவாக்கிப் புள்ளிகளை வைத்துப் பெயரும் போடலாம். அதை வெளியே எடுக்கும்போது கே.எம்.எல். என்பதைத் தெரிவு செய்தால் அந்தக் கோப்பாக வரும். கார்மினுக்கு வேண்டியது ஜி.பி.எக்ஸ். கோப்பு. ஜி.பி.எஸ். பேபல் என்ற இலவச மென்பொருளோ ஜி.பி.எஸ். விஷுவலைசர் தளமோ ஒன்றை மற்றதாக மாற்றித் தரும். பிறகு யூ.எஸ்.பி. கேபிளில் கருவியைக் கொம்பியூட்டரோடு இணைத்தால் பென்டிரைவ் போலத் திறக்கும். அதில் ‘கார்மின்’ என்ற ஃபோல்டர், அதற்குள் ‘ஜி.பி.எக்ஸ்.’ என்ற ஃபோல்டர். கோப்பை அங்கே போட்டு, கொம்பியூட்டரிலிருந்து முறையாகக் கழற்றி, கருவியை மறுபடி போட்டால் புள்ளிகள் சேமித்த இடங்களில் வந்திருக்கும். சில மொடல்களில் புதிய தரவை உள்ளே எடுக்கவா என்று கேட்கும், ஆம் என்றால் சரி. வீட்டில் கொம்பியூட்டர் இல்லாதவர்கள் கொமினிகேஷன் கடையில் செய்யலாம். அங்கே புதிய கோப்பைப் போடுவதற்கு முன் ஏற்கெனவே உள்ள ஜி.பி.எக்ஸ். ஃபோல்டரை ஒரு கொப்பி எடுத்துவையுங்கள், கடைக் கொம்பியூட்டரில் என்னென்ன வைரஸ் இருக்கிறதோ.

எக்செல்லில் பட்டியல் வைத்திருக்கிறவர்கள் அதை சி.எஸ்.வி. கோப்பாக்கி, கார்மினின் ‘பி.ஓ.ஐ. லோடர்’ என்ற மென்பொருள் மூலமும் ஏற்றலாம். அதில் வரிசை தலைகீழ்: நெட்டாங்கு முதலில், அகலாங்கு பிறகு, அப்புறம் பெயர். கூகுள் கொடுத்த வரிசையிலேயே விட்டால் உங்கள் டயர் கடை 80 பாகை வடக்கே, வட துருவத்துக் கடலில் இருக்கும். பெயர்களை ஆங்கில எழுத்தில் போடுங்கள், பழைய கருவிகளில் தமிழ் வெறும் கட்டங்களாகத்தான் தெரியும். கம்பனிப் பெயர் ஒன்றும் ஆட்கள் சொல்கிற பெயர் ஒன்றும் உள்ள தோட்டமாக இருந்தால் இரண்டையும் போடுங்கள். வாடிக்கையாளரின் வீட்டை அவர் பெயரில் சேமிக்காமல் இடத்தின் பெயரில் சேமிப்பது மரியாதை.

புளூடூத் உள்ள புதிய கார்மின் என்றால் ‘கார்மின் டிரைவ்’ என்ற ஆப் இருக்கிறது. போனில் தேடிய இடத்தை அதிலிருந்து கருவிக்கு அனுப்பலாம். டொம்டொம் கம்பனியின் கருவி வைத்திருப்பவர்களுக்கு ‘மை டிரைவ்’ அதே வேலையைச் செய்யும்.

புள்ளி ஏறிவிட்டது, ஆனால் கருவியில் இலங்கை மேப் இல்லையென்றால் அது வெறும் நேர்கோடு காட்டும். பொதுமக்களே சேர்ந்து வரையும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பிலிருந்து கார்மினுக்கென்று செய்த மேப்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பல தோட்டப் பாதைகளும் அதில் வரையப்பட்டிருக்கின்றன. அதை மெமரி கார்டில் ஏற்றிக்கொள்ளலாம். அமைப்பில் ‘குறைந்த தூரம்’ என்பதைத் தொடாதீர்கள், ‘குறைந்த நேரம்’ என்றே இருக்கட்டும். தூரத்தைக் குறைக்கப் போய்க் கருவி உங்களைக் கொழுந்து லொறி ஏறுகிற கல்லுப் பாதையில் விட்டுவிடும். தார் போடாத பாதையைத் தவிர்க்கும் வசதி இருந்தால் அதைப் போட்டு ஒரு தடவை, எடுத்து ஒரு தடவை வழியைப் பாருங்கள். இரண்டும் எங்கே பிரிகின்றன என்று பார்த்தாலே எந்தச் சந்தியில் கவனமாக இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

கிளம்புவதற்கு முன் வீட்டுக்காரருக்கு ஒரு கோல் எடுங்கள். மழை நாளென்றால் மண்சரிவு இருக்கிறதா, பாதை திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். மழை இல்லாவிட்டாலும் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: நான் வைத்த கடைசிப் புள்ளியில் பெரிய வேன் திருப்ப இடம் இருக்கிறதா? எந்த மேப்பும் அதைச் சொல்லாது. இல்லை என்று சொன்னால், திருப்பக்கூடிய இடம் எது என்று கேட்டு, அந்த இடத்தின் லொகேஷனை அனுப்பச் சொல்லி, புள்ளியை அங்கே மாற்றிவிட்டு வண்டியை எடுங்கள்.