கல்லை நடுவில் விடாதீர்கள்

ஜூலை விடுமுறை வந்தால் நாங்கள் ஐந்தாறு குடும்பம் சேர்ந்து டர்பனிலிருந்து தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் ரிக்டர்ஸ்ஃபெல்டு மலைப் பாலைவனப் பூங்காவுக்குக் கிளம்புவோம். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் விடிகாலை மூன்று மணிக்குப் புளிச்சோறும் உருளைக்கிழங்குக் கறியும் கட்டி எடுத்தால், ஸ்பிரிங்பொக் போய்ச் சேர முழுசாக இரண்டு நாள் ஆகும். தூரம் 1,500 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து போர்ட் நொலொத், அலெக்சாண்டர் பே, அப்புறம் ஆரஞ்சு ஆற்றங்கரையில் செண்டலிங்ஸ்ட்ரிஃப்ட் வாசல். ஆற்றுக்கு அக்கரை நமீபியா. கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டிவிடும் என்பதால், இங்கே குளிர்காலமான ஜூலையில்தான் போவோம். தாழ்வான கார்களை அந்தப் பூங்காவுக்குள் விடுவதில்லை. உயரமான பக்கியோ (பின்னால் சாமான் ஏற்றும் திறந்த தட்டு உள்ள வண்டி) ஜீப்போ இருந்தால்தான் உள்ளே போகலாம்.

ஒவ்வொரு வருஷமும் இரண்டு மூன்று பேர் புதிதாகச் சேருவார்கள். பதினைந்து வருஷத்துக்கு முன் நான் என்னென்ன தவறு செய்தேனோ, அதையெல்லாம் அவர்கள் வரிசையாகச் செய்வதைப் பின்னால் வண்டி ஓட்டிக்கொண்டே பார்க்கிறேன். தண்ணீர் எடுத்துக்கொள், ஸ்பேர் டயர் கொண்டு போ, தனியாகப் போகாதே என்றெல்லாம் எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள், அதை நான் திரும்பச் சொல்லவில்லை. கோகர்பூம்குளூஃப் முகாமில் தண்ணீர்க் குழாய் கிடையாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

காற்றை இறக்காமல் ஓட்டுவது

தார் ரோட்டில் 2.4 பார் அழுத்தத்தில் காற்றோடு வந்த வண்டியை அப்படியே கற்பாதையில் விடுகிறார்கள். இறக்கினால் டயர் வெட்டுப்படும் என்ற பயம். உண்மை நேர்மாறானது. இறுகிய டயர் கூரான கல்லின் மேல் ஏறும்போது பாரம் முழுவதும் ஒரே புள்ளியில் விழும், கல் உள்ளே இறங்கிவிடும். காற்றுக் குறைந்த டயர் கல்லைச் சுற்றி மடிந்து அதைப் பிடித்துக்கொள்ளும். என் பக்கிக்குக் கற்பாதையில் 1.6 பார், ஆற்றுப்படுகை மணலில் 1.2 பார். உங்கள் வண்டியின் பாரத்தைப் பொறுத்து இது கொஞ்சம் மாறும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. காற்றை இறக்கினால் வேகத்தையும் இறக்க வேண்டும். தொய்ந்த டயரோடு வேகமாகப் போனால் பக்கச்சுவர் சூடேறும், புடைக்கும், கல்லில் உரசிக் கிழியும். தரையைத் தொடும் மிதிப்பட்டையில் ஓட்டை விழுந்தால் ரப்பர்த் திரியைச் சொருகி அடைத்துக்கொள்ளலாம். பக்கச்சுவர் கிழிந்தால் அந்த டயரோடு கதை முடிந்தது. திரும்பத் தார் ரோட்டை மிதிக்கும் முன் காற்றை ஏற்றிவிடுங்கள். கம்ப்ரஸரைச் சாமான்களுக்கு அடியில் புதைக்காதீர்கள். புதைத்தவர்கள் யாரும் அதை எடுத்துக் காற்று ஏற்றி நான் பார்த்ததில்லை.

கல்லை நடுவில் விடுவது

இந்த ஒன்றைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இத்தனை வருஷமாகியும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஊரில் வண்டி ஓட்டும்போது ரோட்டில் ஒரு கல் கிடந்தால் என்ன செய்வோம்? இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் வரும்படி வண்டியை நேராக்கிக் கடந்துவிடுவோம். டயரைக் காப்பாற்றிவிட்டோம் என்று நிம்மதி. அந்தப் பழக்கம் கையிலேயே ஊறிவிட்டது. பாறைப் பாதையில் அதே பழக்கம்தான் வண்டியைக் கொல்கிறது. கல்லைத் தாங்குவதற்கென்றே செய்த ஒரே உறுப்பு டயர். அதைக் கல்லிடமிருந்து காப்பாற்றி, கல்லைத் தாங்கவே முடியாத டிஃப்பையும் (அச்சில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) சம்ப்பையும் (இஞ்சினுக்கு அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) அதற்கு நேராகக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

என் முதல் பயணத்தில் நான் செய்தது இதுதான். செண்டலிங்ஸ்ட்ரிஃப்டிலிருந்து டி ஹூப் முகாமுக்குப் போகும் வழியில் அக்கடிஸ் கணவாய் இருக்கிறது. அக்கடிஸ் என்றால் ஆஃப்ரிகான்ஸில் பல்லி. வண்டியும் பல்லி மாதிரிதான் பாறையோடு ஒட்டி வளைந்து வளைந்து போக வேண்டும். ஒரு திருப்பத்தில் ரொட்டி அளவுக்கு ஒரு கல் துருத்திக்கொண்டு நின்றது. முன்சக்கரம் இரண்டுக்கும் நடுவில் அழகாக விட்டேன். முன்பக்கம் எதிலும் படாமல் தாண்டியது. தாண்டியாயிற்று என்று ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். பின்னாலிருந்து கோயில் மணியை இரும்புக் கம்பியால் அடித்த மாதிரி ஒரு சத்தம்.

திருப்பத்தில் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முன்பக்கம் எந்தக் கல்லைத் தாண்டியதோ, அந்தக் கல்லுக்கு நேராகப் பின் டிஃப் வந்து நிற்கும். இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய தவறு, சத்தம் கேட்டும் நான் இறங்கிப் பார்க்கவில்லை. பின்னால் வந்தவர்களைக் காக்க வைக்கக் கூடாது என்று ஓட்டிக்கொண்டே போனேன். டிஃப் மூடி கிழிந்து எண்ணெய் வழியெல்லாம் சொட்டியிருக்கிறது. இரண்டு மூன்று லிட்டர்தான் அதன் மொத்தக் கொள்ளளவு. சாயங்காலத்துக்குள் மெல்லிய ஊளைச் சத்தம், மறுநாள் காலையில் பல்சக்கரம் அரைபடும் சத்தம். வண்டியைச் சங்கிலியில் கட்டி ஸ்பிரிங்பொக் வரை இழுத்துக்கொண்டு போனோம். அங்கே ஒரு வொர்க்‌ஷாப்பில் பத்து நாள் கிடந்தது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. நாங்கள் இன்னும் அங்கேயே இருந்தோம். அந்த வருஷம் சேர்த்து வைத்த பணம் ஒரு ராண்ட் மிஞ்சவில்லை.

சத்தம் கேட்டதும் நிறுத்திக் குனிந்து பார்த்திருந்தால்? கிழிசலைப் பெட்ரோலில் நன்றாகத் துடைத்து, எண்ணெய்ப் பசை போனபின் இரண்டு பாகம் பிசையும் எபாக்சி மாவை வைத்து அடைத்து, காய்ந்ததும் எண்ணெய் நிரப்பி மெதுவாக ஊர் வந்து சேர்ந்திருப்பேன். துடைக்காமல் ஒட்டினால் மாவு நிற்காது, ஞாபகம் வையுங்கள். அடிபட்டது இஞ்சின் சம்ப் என்றால் அந்த நொடியே சாவியைத் திருப்பி அணைத்துவிட வேண்டும். எண்ணெய் இல்லாத இஞ்சினை ‘அந்த மரத்தடி வரைக்கும்’ என்று ஓட்டியவர்கள் புது இஞ்சின் வாங்கியிருக்கிறார்கள்.

சரி, கல்லை என்ன செய்வது? சக்கரத்தை அதன் மேல் ஏற்ற வேண்டும். கணக்கு எளிது. பின்பக்கம் முழு அச்சு உள்ள பக்கியில் ஒரு சக்கரம் 20 சென்டிமீட்டர் கல்லின் மேல் ஏறினால், அச்சின் நடுப்பகுதி 10 சென்டிமீட்டர் உயரும். நடுவில் தொங்கும் டிஃப்பும் கூடவே உயரும். கல்லை நடுவில் விட்டால் ஒரு சென்டிமீட்டர்கூட உயராது. என் பக்கியில் டேப் பிடித்து அளந்தேன், பின் டிஃப்புக்குக் கீழே 21 சென்டிமீட்டர். காற்றை இறக்கினால் அதிலும் ஒன்றிரண்டு குறையும். அந்த அளவை ஒரு குச்சியில் வெட்டி வண்டியில் வைத்திருக்கிறேன். சந்தேகப்படும் கல்லின் பக்கத்தில் குச்சியை நிறுத்திப் பார்ப்பேன். நீங்களும் ஒருமுறை வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். சில வண்டிகளில் டிஃப் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளியிருக்கும், அது எந்தப் பக்கம் என்று தெரியாமல் பாறைக்குப் போகக் கூடாது. முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில் முன் டிஃப் சேசிஸோடு இணைந்திருக்கும், சாமான் ஏற்ற ஏற்ற அது தாழும். கூரையில் கூடாரம், பின்னால் தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஏற்றியபின் அளந்தால்தான் அளவு சரியாக இருக்கும்.

ஏற்றும்போது மிதிப்பட்டையின் நடுப்பகுதி கல்லின் மேல் உட்கார வேண்டும். ஓரத்தால் உரசிக்கொண்டு ஏறினால் பக்கச்சுவர் போய்விடும். லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர் நிலை), முதல் கியர், ஆள் நடக்கும் வேகத்துக்கும் குறைவு. ஏறினதும் தொப்பென்று விழ விடாமல் பிரேக்கை லேசாகப் பிடித்து இறக்குங்கள். அப்புறம் அதே கல்லுக்குப் பின்சக்கரம் வரும், மறக்காதீர்கள்.

போன ஜூலையில் செண்டலிங்ஸ்ட்ரிஃப்டில் நெருப்பு மூட்டி உட்கார்ந்து இதையெல்லாம் ஒரு மணி நேரம் சொன்னேன். டர்பன் ஃபீனிக்ஸிலிருந்து வந்த ஒரு தம்பி, புது வண்டி, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். மறுநாள் காலை பத்து மணிக்கு அக்கடிஸில் என் கண் முன்னாலேயே கல்லை நடுவில் விட்டான். சம்ப் தகடு நசுங்கியது. எண்ணெய் போகவில்லை, அது மாரியம்மன் புண்ணியம்.

“அக்கா, கல்லு மேல படாமத்தானே போனேன்!” என்றான்.

“டயர்ல படாம போன தம்பி. கல்லுக்கு வேற எங்க படறதுக்கு இடம் குடுத்த?”

“டயரைக் கொண்டுபோய்க் கல்லு மேல வைக்க மனசு வரமாட்டேங்குதுக்கா.”

அவன் சொன்னதுதான் உண்மையான காரணம். அறிவுக்குப் புரிந்தாலும் கை கேட்பதில்லை. அதனால் அவனிடம் கேட்டேன், வண்டி வாங்கினதும் கோயிலுக்குக் கொண்டு போனாயா என்று. போனானாம். ஐயர் சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தாராம். நான்கையும் சரியாக நசுக்கினாயா? நசுக்கினானாம், ஒன்றுகூடத் தப்பவில்லையாம். உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றத் தெரிந்தவனுக்குக் கல்லின் மேல் ஏற்றத் தெரியாதா? அதே கைதான், அதே கணக்குதான். வீட்டு முற்றத்தில் காலிப் பால் டப்பாக்களை அங்கங்கே வைத்து, முன்சக்கரத்தால் ஒன்று, பின்சக்கரத்தால் ஒன்று என்று நசுக்கிப் பழகச் சொன்னேன். திருப்பத்தில் வைத்துப் பழகினால் பின்சக்கரம் எவ்வளவு உள்ளே வெட்டுகிறது என்பது ஒரு மணி நேரத்தில் விளங்கிவிடும். புதிதாக வருகிற எல்லோரும் கிளம்புவதற்கு முன் இதைச் செய்யுங்கள். டர்பனில் கற்றுக்கொள்வதற்குப் பால் டப்பா செலவு மட்டும்தான்.

இறங்கி நடக்காதது

தெரியாத பாறைப் படியை முதலில் காலால் கடந்து பார்க்க வேண்டும். பானெட்டுக்குக் கீழே கல் மறைந்தபின் அது எங்கே இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லப்போவது உங்கள் ஞாபகம் மட்டும்தான். நடக்கும்போது நிமிர்ந்தும் பாருங்கள், பாறைச் சரிவில் ஹாஃப்மென்ஸ் செடிகள் ஆள் நிற்பதுபோல் வடக்கே தலை சாய்த்து நிற்கும். ஓட்டிக்கொண்டே அதைப் பார்த்தவர்களும் உண்டு, பாறையில் இடித்தவர்களும் அவர்களே.

நான்கு பேர் கை காட்டுவது

ஒருவர் மட்டும் காட்ட வேண்டும். அப்பா இடது என்கிறார், மச்சான் ‘ரைட், ரைட்’ என்கிறார், அந்த ரைட் வலதா, சரியா என்று யாருக்கும் தெரியாது. வழி காட்டுபவர் ஓட்டுபவரின் கண்ணுக்கு எதிரே, எட்டி நின்று கையால் காட்டட்டும். அவர் கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் வண்டியை நிறுத்துங்கள். ஏற்றத்தில் வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது, பிள்ளைகள் முக்கியமாக.

கட்டைவிரலை ஸ்டியரிங்குக்குள் கோத்துப் பிடிப்பது

சக்கரத்தில் கல் அடித்தால் ஸ்டியரிங் சுழன்று விரலை ஒடிக்கும். வெளியே வையுங்கள்.

இறக்கத்தில் கிளட்ச்

மிதிக்காதீர்கள்.

டோ பாலில் பட்டையை மாட்டி இழுப்பது

மணலில் புதைந்த வண்டியை இழுக்கும் நீளும் பட்டை ரப்பர் போலச் சக்தியைச் சேர்த்து வைத்து உதறும். டோ பால் என்ற பின்பக்க இரும்புக் குமிழ் டிரெய்லரை இழுப்பதற்குச் செய்தது, அந்த உதறலுக்குச் செய்ததில்லை. முறிந்தால் குண்டாகப் பறந்து கண்ணாடியைத் துளைத்து உள்ளே வரும். இதில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். சேசிஸில் போல்ட் போட்டு இறுக்கிய கொக்கி இரண்டு பக்கமும் இல்லையென்றால் பட்டையைத் தொடாதீர்கள், மண்வாரியை எடுத்துத் தோண்டுங்கள். நேரமாகும், ஆகட்டும்.

பாதையை விட்டு ஓரமாக ஏறுவது

கல் அடைத்திருக்கிறது என்று பக்கத்துத் தரையில் ஏறிச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். வெறும் சரளை மாதிரித் தெரியும் அந்தத் தரையில் விரல்நகம் அளவு செடிகள் இருக்கின்றன, கல்லுக்கும் செடிக்கும் வித்தியாசம் தெரியாது. மழை அரிதான மண், ஒரு சக்கரத் தடம் பல வருஷம் அழியாது. ரிக்டர்ஸ்ஃபெல்டின் ஒரு பகுதி 2007இல் உலகப் பாரம்பரிய இடமானது. ஆடு மேய்த்துக்கொண்டு இடம் மாறி மாறி வாழும் நாமா மக்களின் மண் அது. கல் அடைத்திருந்தால் சின்னக் கற்களை அடுக்கிச் சரிவு கட்டி ஏறுங்கள், ஏறினபின் எடுத்து ஓரமாகப் போட்டுவிடுங்கள். அடுத்து வருபவர் நீங்கள் விட்ட கல்லில் டிஃப்பை இடிக்க வேண்டாம்.

சாயங்காலம் குனிந்து பார்க்காதது

முகாமுக்கு வந்ததும் பிராய் அடுப்பை மூட்டுவதற்கு முன் டார்ச்சை எடுத்து வண்டிக்கு அடியில் படுங்கள். டிஃப் மூடி, சம்ப், பிரேக் குழாய், ஷாக் அப்சார்பர், டயரின் உட்பக்கச் சுவர். சக்கர நட்டுகளை ஸ்பேனரால் இறுக்கிப் பாருங்கள், குலுங்கிக் குலுங்கி அவை தளரும். பழைய அட்டைப் பெட்டி ஒன்றைக் கிழித்து இஞ்சினுக்கு அடியிலும் பின் டிஃப்புக்கு அடியிலும் விரித்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் அதில் ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் எங்கிருந்து என்று கண்டுபிடிக்காமல் சாவியைத் தொடாதீர்கள்.