மலை ரயிலைக் கணக்காக்கும்போது நேரும் தவறுகள்

உயர்நிலை வகுப்புகளுக்குச் சிக்கல்வழிக் கற்றல் தாள்களை, அதாவது மாணவர்கள் ஒரு நடைமுறைச் சிக்கலைத் தாங்களே தீர்த்துக் கற்பதற்கான தாள்களை, தயாரிக்கும் நீலகிரி ஆசிரியர்களாகிய நம்மிடம் அடிக்கடி காணப்படும் தவறு, பாடநூல் கணக்குக்கு உள்ளூர்ப் பெயரைச் சூட்டிவிட்டு அதையே சிக்கல் என்று நம்பிவிடுவதுதான். "தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர், ஏற்றக்கோணம் 30°, தொலைவு காண்க" என்னும் வினாவில் மலையின் பெயரை நீக்கினாலும் எதுவும் மாறாது. அதைவிட, அந்த உயரம் கடல்மட்டத்திலிருந்து அளந்தது. 2,203 மீட்டர் உயரத்திலுள்ள உதகை ரயில் நிலையத்தில் நிற்பவருக்கு மேலே எஞ்சியிருப்பது 434 மீட்டர் மட்டுமே. தினமும் அந்த மலையைப் பார்க்கும் பிள்ளைக்குத் தவறான முக்கோணத்தைக் கற்பிக்கிறோம்.

இரண்டாவது தவறு, மாணவர் எடுக்க வேண்டிய முடிவை நாமே எடுத்துவிடுவது. மேட்டுப்பாளையம்–உதகை மலை ரயில் பற்றி நான் எழுதிய முதல் தாளில், சரிவு காணும் வழியை ஐந்து துணை வினாக்களாகப் பிரித்திருந்தேன். மாணவர்கள் கோடிட்ட இடங்களை நிரப்பினார்கள், ஒருவரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மறு ஆண்டு பாதையின் நீளம் 45.88 கி.மீ., தொடக்க உயரம் 326 மீட்டர், முடிவு உயரம் 2,203 மீட்டர் என்பவற்றை மட்டும் தந்து, "இந்த ரயிலுக்குப் பல்சக்கரம் (பல் வைத்த தண்டவாளத்தைப் பற்றி ஏறும் சக்கரம்) எதற்கு?" என்று கேட்டேன். 1,877 மீட்டர் ஏற்றத்தை நீளத்தால் வகுத்தவர்களுக்கு ஏறத்தாழ 24-க்கு 1, அதாவது 24 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் ஏற்றம், என்று கிடைத்தது. ஆனால் மிகச் செங்குத்தான இடத்தில் சரிவு 12-க்கு 1 என்று நான் சொன்னதும், கணக்கு எங்கே பிசகியது என்று வகுப்பே விவாதிக்கத் தொடங்கியது. பிசகவில்லை, அது சராசரி. பல்சக்கரத் தண்டவாளம் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் மட்டுமே இருப்பதற்குக் காரணம், கடும் ஏற்றம் அங்கேதான் குவிந்திருக்கிறது என்பதை அவர்களே கண்டடைந்தார்கள்.

அடுத்த ஐயத்தை ஒரு மாணவி எழுப்பினாள்: தண்டவாளத்தின் நீளம் சாய்வாக அளந்ததல்லவா, அப்படியானால் டேன் (ஏற்றம் ÷ கிடைத்தொலைவு) எடுப்பதா, சைன் (ஏற்றம் ÷ சாய்வு நீளம்) எடுப்பதா? 12-க்கு 1 சரிவுக்கு இரண்டிலும் கோணம் ஏறத்தாழ 4.8° என்றே வருகிறது. சிறு கோணங்களில் இவ்விரண்டும் நெருங்கிவிடுகின்றன என்பதைச் சொல்ல அதைவிடச் சிறந்த தருணம் வாய்க்காது. விடைக்குறிப்பில் ஒரே வழியை அச்சிட்டு மற்றதற்கு மதிப்பெண் மறுப்பது ஆகவே கூடாது.

உதவிக்குறிப்புகளையும் தாளிலேயே அச்சிட வேண்டாம். அவற்றைத் தனித்தனிச் சீட்டுகளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒரு குழு முயன்று பார்த்துத் தடுமாறி நிற்கும்போது மட்டும், ஒரு சீட்டை அந்தக் குழுவுக்குக் கொடுங்கள்.