மலாய்ப் பக்கத்தில் ஞாயிறு, தமிழ்ப் பக்கத்தில் சனி: பன்மொழி அகப்பக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் எங்கள் தோட்டக் கோயில் தீமிதிக்கு முன்பு கோத்தோங் ரோயோங், அதாவது எல்லாரும் சேர்ந்து செய்யும் துப்புரவு வேலை, வைப்பது வழக்கம். போன முறை அதைச் சனிக்கிழமையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார்கள். கமிட்டிப் பையன் ஒருவன் கைப்பேசியிலேயே மலாய்ப் பக்கத்தைத் திருத்திவிட்டான். தமிழ்ப் பக்கத்தை யாரும் தொடவில்லை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மண்வெட்டி, விளக்குமாறு சகிதம் வந்து நின்றவர்கள் எல்லாரும் பெரியவர்கள். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்த ஒரு பாட்டி என்னைப் பார்த்து, "தமிழ்ல போட்டதத்தானே தம்பி நாங்க படிப்போம்?" என்றார். அந்த அகப்பக்கத்தைச் செய்து கொடுத்தவன் நான்தான். பதில் சொல்ல வாய் வரவில்லை.

மூன்று மொழி அகப்பக்கம் என்றால் எல்லாரும் மொழிபெயர்ப்பைத்தான் பெரிய வேலையாக நினைக்கிறார்கள். மொழிபெயர்ப்பு ஒரு நாள் கூத்து. அதற்குப் பிறகு மூன்றையும் ஒரே நடையில் நடக்க வைப்பதுதான் பாடு. அகப்பக்கம் கட்டும் வேர்ட்பிரஸ் மென்பொருளில், பல மொழிக்கான பாலிலாங் செருகுநிரலைப் போட்டு வைத்திருந்தால் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனிப் பக்கம் இருக்கும். ஒன்றில் தேதியைத் திருத்தினால் மற்றவை தானாகத் திருந்தாது. ஆகவே தேதி, நேரம், கட்டணம், தொலைபேசி எண் ஆகியவற்றைப் பத்திக்குள் எழுதாதீர்கள். தனிப்புலத்தில் (கஸ்டம் ஃபீல்ட்) ஒரே இடத்தில் போட்டு, மூன்று பக்கமும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்யுங்கள். பாலிலாங்கிலேயே தனிப்புலங்களை ஒத்திசைக்கும் வசதி உண்டு. அதுவும் கைவரவில்லை என்றால் பழைய தமிழ்ப் பக்கத்தை எடுத்துவிட்டு, "விவரம் மலாய்ப் பக்கத்தில்" என்று தமிழில் ஒரு வரி போடுங்கள். இல்லாத பக்கம் யாரையும் அலைய வைக்காது.

மொழிபெயர்ப்பிலும் பிழை இல்லாமல் இல்லை. எந்திரத்திடம் மெனுவைக் கொடுத்தால் முகப்பை 'வீடு' என்று போட்டுத் தரும். 'லாடாங்' என்ற மலாய்ச் சொல்லைப் 'பண்ணை' ஆக்கிவிடும். பண்ணை என்றால் இங்கே கோழிதான் நினைவுக்கு வரும், நமக்கு அது தோட்டம். தமிழ்நாட்டுக்காரர் எழுதிக் கொடுத்தாலும் இதே கதைதான். அவர் 'ஒன்றாம் வகுப்பு' என்பார், இங்கே பெற்றோர் தேடுவது முதலாம் ஆண்டு. செம்பனை (எண்ணெய்ப்பனை), கிராணி (தோட்டக் குமாஸ்தா), வெள்ளி (ரிங்கிட்) என்று ஒரு நாற்பது சொல்லுக்குப் பட்டியல் போட்டு எல்லார் கையிலும் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஊர்ப் பெயரையும் அதில் சேருங்கள். எங்கள் ஊர் 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. ஆனாலும் வாயில் வருவது பத்தாங் பெர்ஜுந்தைதான். தமிழ்ப் பக்கத்தில் இரண்டும் இருக்கட்டும்.

அடுத்தது குறியீட்டில் ஒளிந்திருக்கும் வேடிக்கை. மலேசியாவின் நாட்டுக் குறி எம்ஒய் என்பதால் மலாய்ப் பக்கத்துக்கும் மொழிக் குறியாக அதையே போட்டுவிடுகிறார்கள். மொழிக் குறியாக வந்தால் எம்ஒய் என்பது பர்மிய மொழி! மலாய்க்கு எம்எஸ், தமிழுக்கு டிஏ. பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள் இந்தக் குறியைப் பார்த்துத்தான் குரலைத் தேர்ந்தெடுக்கிறது. இதே பக்கம் வேறு மொழியில் எங்கே இருக்கிறது என்று கூகுளுக்காக எழுதும் ஹெச்ரெஃப்லாங் வரியிலும் இதே கவனம் வேண்டும். மலாய்ப் பக்கம் தமிழ்ப் பக்கத்தைக் காட்டினால் மட்டும் போதாது, தமிழ்ப் பக்கமும் மலாய்ப் பக்கத்தைத் திருப்பிக் காட்ட வேண்டும். ஒருதலையாக இருந்தால் கூகுள் கண்டுகொள்ளாது.

மொழி மாற்றும் பொத்தானில் தமிழுக்கு இந்தியக் கொடி போடுவதை மட்டும் நிறுத்துங்கள். நான்கு தலைமுறையாக இங்கே இருப்பவர் அதை ஏன் அழுத்த வேண்டும்? 'தமிழ்' என்று எழுதினாலே போதும்.

கைப்பேசி எந்த மொழியில் இருக்கிறதோ அந்தப் பக்கத்துக்குத் தானாகத் தள்ளிவிடுவது இன்னொரு அதிமேதாவித்தனம். இங்கே தமிழ் படிக்கிறவர்களில் பலரின் கைப்பேசி ஆங்கிலத்தில்தான் இருக்கும். பேரன் அமைத்துக் கொடுத்தது. அவர்கள் தமிழ்ப் பக்கத்தைப் பார்க்காமலே போய்விடுவார்கள். அதேபோல, மூன்று மொழிக்கும் இணைய முகவரி ஒன்றாக இருந்து, உலாவி சேமித்து வைக்கும் குறிப்பான குக்கீயை வைத்து மட்டும் மொழி மாறினால், புலனத்தில் (வாட்ஸ்அப்) நீங்கள் அனுப்பும் இணைப்பு அடுத்தவருக்கு மலாயில் திறக்கும்.

முகவரியில் தமிழ் எழுத்து போடலாமா என்று கேட்பார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் 'கோயில்' என்ற சொல்லில் கணினிக்கு ஆறு குறிகள். முகவரியில் ஒவ்வொன்றும் ஒன்பது எழுத்தாக விரியும், ஆக 54. அந்த இடத்துக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பது 200. தலைப்பு கொஞ்சம் நீண்டாலும் 22 குறியோடு வெட்டுப்பட்டு நிற்கும். பேசாமல் ரோமன் எழுத்தில் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய விழா மலர்களிலிருந்து எடுத்து ஒட்டும்போது எச்சரிக்கை. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு முந்திய எழுத்துருவில் தட்டியது அப்படியே வந்தால் கோழி கிளறியதுபோல் இருக்கும், எழுத்துரு மாற்றியில் போட்டு எடுக்க வேண்டும். புலனத்தில் சுற்றும் அழகான போஸ்டரை மட்டும் ஏற்றிவிட்டு அதையே தமிழ்ப் பக்கம் என்று சொல்வதும் சரியில்லை. படத்துக்குள் கிடக்கும் தேதியை அவசரத்துக்குத் திருத்தவும் முடியாது.

அப்புறம், இப்போதெல்லாம் அறிவிப்பு ஏறுவதற்கு முன் தமிழ்ப் பக்கத்தை அந்தப் பாட்டியிடம் காட்டிவிடுகிறோம். போன வாரம் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தவர், "ஏழு மணின்னு போட்டிருக்க, காலையா ராத்திரியா?" என்று கேட்டார். மூன்று மொழியிலும் அது விட்டுப்போயிருந்தது.