கூலன்ட் ஃபில்டர் பொருத்தலாமா?

கோத்தகிரிக் குளிரில் என் பழைய டீசல் காரின் ஹீட்டர் சூடாகவில்லை. ஹோஸைக் கழற்றினேன், செங்காவி நிறத்தில் சேறு வழிந்தது. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டுக்குப் பதில் ஆண்டுக்கணக்கில் போர்வெல் தண்ணீர் ஊற்றியதன் விளைவு. இந்தத் துருவை வடிகட்டத்தான் கூலன்ட் ஃபில்டர்.

முதலில் சுத்தம் செய்யுங்கள். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். பழையதை வடித்து, தெளிவாக வரும்வரை அலசி, நீர் கலக்காத அடர் கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதியாக நிரப்புங்கள். பெரும்பாலான கார்களுக்கு இதுவே போதும்.

மறுபடியும் துரு வந்தால் மட்டும் ஃபில்டர். ரேடியேட்டரின் பெரிய ஹோஸில் வைக்கவே வேண்டாம். அடைத்துக்கொண்டால் எஞ்சின் கொதித்துவிடும். ஹீட்டர் ஹோஸிலிருந்து பிரியும் சிறு கிளைக் குழாயில் வைத்து, இருபுறமும் வால்வு போடுங்கள். லாரி ஃபில்டர்கள் சிலவற்றில் கூலன்ட்டில் கரையும் ரசாயனம் இருக்கும். அது இல்லாததையே கேட்டு வாங்குங்கள். ஒரு மாதத்தில் ஃபில்டரைக் கழற்றி அறுத்துப் பாருங்கள். என்னுடையதில் துருத் துகள்கள் மணலாக விரலில் நெருடின.