வெய்யிலுக்குப் புரூட் சலட்: சீனியை விடுங்கள், கறுத்தக் கொழும்பானை எடுங்கள்

வைகாசி, ஆனி மாதங்களில் யாழ்ப்பாணத்தில் புரூட் சலட்டுக்கு வேண்டிய பழங்கள் அநேகமாக எல்லாமே சந்தையில் கிடைக்கும். இருந்தும் பல வீடுகளில் அது மேசைக்கு வரும்போது வாழைப்பழம் கறுத்து, பப்பாப்பழம் குழைந்து, அடியில் இனிப்புத் தண்ணீர் தேங்கிப்போயிருக்கும். பெரும்பாலும் இதற்குக் காரணம் சீனிதான். வெட்டிய பழத்தில் சீனி தூவியவுடன் அது பழத்துக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கும். துண்டுகள் துவண்டுபோகும், சாறு முழுக்கக் கோப்பையின் அடிக்குப் போய்விடும்.

அதனால் இந்தச் சலட்டில் சீனிப்பாகு இல்லை, டின்பாலும் இல்லை. நன்றாகக் கனிந்த கறுத்தக் கொழும்பான் மாம்பழத்தின் கூழே பாகு. அதன் இனிப்பு மற்றப் பழங்களின் இனிப்புக்கு அண்மையில் இருப்பதால் அவற்றின் நீரைப் பெரிதாக இழுக்காது. தடிப்பாக இருப்பதால் துண்டுகளில் ஒட்டியும் நிற்கும்.

ஆறு பேருக்கு நன்கு கனிந்த கறுத்தக் கொழும்பான் 2, சற்று இறுக்கமான மாம்பழம் 2, நடுத்தரப் பப்பாப்பழத்தில் பாதி, அன்னாசியில் பாதி, தோல் நீக்கிய வத்தகப்பழம் 300 கிராம், கதலி வாழைப்பழம் 4, கறுப்பு முந்திரிகைப்பழம் 150 கிராம், மாதுளை 1, தேசிக்காய் 1, உப்பு ஒரு சிட்டிகை போதும். நுங்கு கிடைத்தால் நாலைந்து கண் சேருங்கள். யாழ்ப்பாணத்துச் சலட் என்று சொல்ல அதைவிடப் பொருத்தமான சேர்க்கை இல்லை.

திருநெல்வேலி, சுன்னாகம், சாவகச்சேரி, எந்தச் சந்தையானாலும் மாம்பழத்தை நிறம் பார்த்து வாங்காதீர்கள். கறுத்தக் கொழும்பான் பழுத்த பின்னும் தோலில் பச்சை நிற்கும். காம்படியை முகர்ந்து பாருங்கள், பெருவிரலால் மெல்ல அழுத்துங்கள். மணம் வந்து, சற்று இளகினால் பழம் சரி. தோல் முழுக்க ஒரே மஞ்சளாக இருந்து காம்படியில் மணமே இல்லையென்றால் மருந்து வைத்துப் பழுக்க வைத்ததாக இருக்கலாம். அப்படிப்பட்ட பழம் கொட்டையை அண்டிய இடத்தில் புளிக்கும், கூழுக்கு உதவாது. துண்டு போடுவதற்கு அம்பலவி, விலாட்டு மாம்பழங்கள் நன்றாக இருக்கும்.

மாம்பழம், வாழைப்பழம், பப்பாப்பழம் மூன்றும் பறித்த பின்னும் கனியும். இரண்டு நாள் முந்தியே வாங்கி வெளியில் வைக்கலாம். கனியாத மாம்பழத்தைப் பிரிட்ஜில் வைத்தால் குளிரில் கனிவது தடைப்படும், பிறகு வெளியில் எடுத்து வைத்தாலும் பழைய சுவை வராது. அன்னாசி, வத்தகப்பழம், முந்திரிகை அப்படியல்ல. பறித்த அன்றைக்கு எவ்வளவு இனிப்போ அவ்வளவுதான், வீட்டில் வைத்து இனிக்க வைக்க முடியாது. அன்னாசியின் அடிப்பக்கத்தை முகருங்கள். இனிய வாசம் வேண்டும், புளித்த வாடை அடித்தால் வேண்டாம்.

வெட்டும் நாளன்று முழுப்பழங்களை நன்றாகக் கழுவி, கடைசியாகக் கொதித்தாறிய நீரில் ஒருமுறை அலசித் துடைத்துவிடுங்கள். தோலில் இருக்கும் அழுக்கைக் கத்திதான் உள்ளே கொண்டுபோகும். இதற்கென்று ஒரு பலகையும் கத்தியும் தனியாக இருக்கட்டும். வெங்காயமோ மீனோ வெட்டிய பலகையின் வாடையைப் பப்பாப்பழம் உடனே பிடித்துக்கொள்ளும்.

முதலில் கூழ். கனிந்த இரண்டு பழங்களிலும் காம்புப் பக்கத்தைச் சற்று ஆழமாகச் சீவி எறியுங்கள், அந்த இடத்துப் பால் கயர்க்கும். தோலை உரித்து, சதையைக் கையால் பிசைந்து, கரண்டியால் வடிகட்டியில் தேய்த்து இறக்குங்கள். ஒரு தேநீர்க் கோப்பை அளவு வரும். மிக்சியில் நீண்ட நேரம் அடித்தால் காற்றுப் புகுந்து நுரைக்கும். கூழில் ஒரு மேசைக்கரண்டி தேசிப்புளியும் அந்தச் சிட்டிகை உப்பும் சேர்த்துக் கலக்கிப் பிரிட்ஜில் வையுங்கள்.

வெட்டும் ஒழுங்கு முக்கியம். காத்திருந்தாலும் கெடாத பழம் முதலில், கெடுகிற பழம் கடைசியில். மாதுளையை உதிர்த்து வெள்ளைத் தோலை முழுக்க நீக்குங்கள். முந்திரிகையை நீளவாக்கில் இரண்டாக்கி, கத்தி நுனியால் விதையை எடுங்கள். நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் விதை கடிபட்டால் வாயெல்லாம் துவர்த்துவிடும். அன்னாசியின் கண்களைச் சரிவாகக் கீறி எடுத்து, நடுத்தண்டையும் நீக்கி ஒன்றரை சென்ரிமீற்றர் துண்டுகளாக்குங்கள். வத்தகப்பழத்தை விதை நீக்கி வெட்டி, வடிகட்டியில் 15 நிமிடம் நீர் வடிய விடுங்கள். இந்த ஒரு படியைத் தவறவிட்டால் மேலே சொன்ன அத்தனை கவனமும் வீண். வடிந்த சாற்றை அப்படியே குடிக்கலாம்.

நுங்கின் மேல் இருக்கும் மெல்லிய தோலை உரித்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் கயர்க்கும். இளம் நுங்காக இருக்க வேண்டும், முற்றியது இறப்பர்போல இழுபடும்.

பப்பாப்பழத்தில் விதையோடு ஒட்டிய வெள்ளைப் படையையும் கரண்டியால் சுரண்டி எடுங்கள். அதில்தான் கைப்பு இருக்கிறது. துண்டு இரண்டு சென்ரிமீற்றர் இருக்கட்டும், சிறிதாக்கினால் கலக்கும்போது கரைந்துபோகும். பிறகு இறுக்கமான மாம்பழத்தின் இரு கதுப்புகளையும் சீவி, அதே அளவில் வெட்டுங்கள்.

வாழைப்பழத்தைப் பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்னர்தான் தொட வேண்டும். வெட்டிய இடத்தில் காற்றுப் பட்டதும் பழத்தில் உள்ள நொதியம் வேலை செய்து கறுக்க வைக்கும். புளிப்பு அதைத் தாமதிக்கச் செய்யும். மிச்சத் தேசிப்புளியில் துண்டுகளைப் பிரட்டிவிட்டுச் சேருங்கள். கதலி சற்றுப் புளிப்பும் இறுக்கமும் உள்ளது என்பதால் சலட்டில் உடையாமல் நிற்கும். நன்றாகக் கனிந்து இளகிய பழத்தைச் சாப்பிட வைத்துக்கொள்ளுங்கள், இதில் போட வேண்டாம்.

எல்லாவற்றையும் அகலமான கோப்பையில் போட்டு, குளிர்ந்த கூழை ஊற்றி, அகப்பையால் அடியிலிருந்து மேலாக மூன்று நான்கு தடவை மட்டும் புரட்டுங்கள். அன்னாசி புளித்தால் மட்டும் 50 கிராம் பனங்கட்டியை நாலு மேசைக்கரண்டி நீரில் கரைத்து ஒரு கொதி விட்டு, வடித்து, முற்றாக ஆறவைத்துக் கூழோடு சேருங்கள். வடிக்காமல் விட்டால் மண் கடிபடலாம். ஐஸ்கட்டியைச் சலட்டுக்குள் போடாதீர்கள். பெரிய சட்டியில் ஐஸைப் போட்டு, அதன் மேல் சலட் கோப்பையை வையுங்கள்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கூல் பார்களில் ஐஸ்கிறீம் போட்டுத் தருவதுபோல வீட்டிலும் வேண்டுமென்றால், ஐஸ்கிறீமைச் சாப்பிடும் கோப்பையிலேயே, சாப்பிடும் நேரத்திலேயே வையுங்கள். பச்சை அன்னாசியில் புரோமெலெய்ன் என்ற நொதியம் உண்டு. அது பாலின் புரதத்தை உடைக்கும், அரை மணித்தியாலம் கலந்து கிடந்தால் கைக்கத் தொடங்கும். கஸ்ரட் ஊற்றினாலும் இதே கதைதான். முன்கூட்டியே கலந்து வைத்தாக வேண்டுமானால் அன்னாசித் துண்டுகளை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டுச் சேருங்கள், சூட்டில் அந்த நொதியம் செயலிழந்துவிடும். ஜெலியும் இப்படித்தான்: ஜெலற்றினில் செய்த ஜெலிக்குள் பச்சை அன்னாசியோ பப்பாப்பழமோ போட்டால் இறுகாது. கடற்பாசியில் செய்தது இறுகும், சைவ உணவுக்காரருக்கும் விரத நாளுக்கும் அதுவே ஏற்றது.

வெளியில் 32 பாகை செல்சியஸைத் தாண்டும் நாட்களில் வெட்டிய பழத்தை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம். மிஞ்சியதை மூடிப் பிரிட்ஜில் வைத்து அடுத்த நாளுக்குள் முடித்துவிடுங்கள். முதலில் வாழைப்பழத்தைப் பொறுக்கிச் சாப்பிட்டுவிட்டு, மற்றதை அடித்து வடித்தால் நல்ல ஜூஸ். ஐஸ்கிறீமோ கஸ்ரட்டோ சேர்ந்த மிச்சத்தை மட்டும் சேமிக்க முயலாதீர்கள்.