துறை தாண்டும் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட்டார அறிவியல் கழகங்களின் ஆண்டுக் கூட்டங்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. மண்ணியல், மீனியல், கணிதம், மருத்துவம் என எல்லாத் துறைக்காரர்களும் ஒரே கூரையின் கீழ் கூடுவார்கள். பல கூட்டு ஆய்வுகளுக்குப் பிள்ளையார் சுழி அங்கேதான் விழுகிறது. அப்படிப்பட்ட ஆய்வுகள் தடுமாறும்போது பெரும்பாலும் காரணம் ஒன்றே: அடுத்த துறையின் முறையை எடுத்துக்கொண்டவர்கள், அந்த முறையை அறிந்த ஆளைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

1994-இல் நீரிழிவு இதழ் ஒன்றில் வந்த கட்டுரையைப் பாருங்கள். ரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும் வளைகோட்டின் கீழுள்ள பரப்பைக் கணக்கிட ஒரு புதிய முறை என்று அது அறிவித்தது. அந்த முறை நுண்கணித வகுப்பில் சொல்லித்தரும் சரிவக விதியேதான்; அதாவது பரப்பைச் சரிவகத் துண்டுகளாகப் பிரித்துக் கூட்டுவது. பாபிலோனியர்கள் வியாழன் கோளின் நகர்வைக் கணக்கிட இதே வழியை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கையாண்டதைக் களிமண் பலகைகள் காட்டுகின்றன. கட்டுரையை அனுப்புவதற்கு முன் கணிதம் படித்த ஒருவரிடம் ஐந்து நிமிடம் காட்டியிருந்தால் போதும். ஆகவே, புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று தோன்றினால், முதலில் அந்தத் துறையின் இளநிலைப் பாடநூலைப் புரட்டுங்கள். ஆய்விதழ்களுக்கு அப்புறம் போகலாம்.

இதைவிடக் கவலை தருவது, தரவின் பிறப்பைப் பற்றிக் கேட்காமல் அதைப் பயன்படுத்துவது. கொரோனா காலத்தில் மார்பு எக்ஸ்ரே, சிடி படங்களைப் பார்த்து நோயைக் கண்டறியும் கணினி மாதிரிகள் நூற்றுக்கணக்கில் வந்தன. அவற்றில் 62 ஆய்வுகளை நுணுக்கமாகச் சோதித்த ஒரு மதிப்பாய்வு 2021-இல் வெளியானது. அவற்றுள் ஒன்றுகூட மருத்துவப் பயன்பாட்டுக்குத் தகுதியானதாக இல்லை. ஒரு காரணத்தை மட்டும் சொல்கிறேன். சில ஆய்வுகளில் நோயாளிகளின் படங்கள் பெரியவர்களுடையவை; ஒப்பிட எடுத்த மற்ற படங்களோ 1 முதல் 5 வயதுக் குழந்தைகளுடையவை. அப்படிப் பயின்ற கணினி, நோயைக் கற்காமல் குழந்தைக்கும் பெரியவருக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்றுக்கொண்டே நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். ஒரு கதிரியல் மருத்துவர் உடன் இருந்திருந்தால் பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருப்பார். யார் எடுத்த தரவு, யாரிடமிருந்து, எதற்காக? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாத தரவைத் தொடாமல் இருப்பதே மேல்.

புள்ளியியலாளரைக் கடைசியில் தேடிப் போவது எல்லாத் துறையிலும் நடக்கிறது. சோதனை முடிந்த பிறகு அவரை அழைப்பது பிரேதப் பரிசோதனைக்கு அழைப்பது போலத்தான் என்று புள்ளியியல் மேதை ரொனால்டு ஃபிஷர் 1938-இல் கல்கத்தாவில் நடந்த புள்ளியியல் மாநாட்டிலேயே சொல்லிவிட்டார். ஓர் எடுத்துக்காட்டு: இரண்டு தொட்டிகள், ஒவ்வொன்றிலும் 20 மீன்கள். ஒரு தொட்டிக்குப் புதுத் தீவனம், மற்றதற்குப் பழையது. ஆய்வாளர் 40 மீன்களையும் எடைபோட்டு 40 மாதிரிகள் என்று எழுதுகிறார். ஆனால் ஒரே தொட்டி மீன்களுக்கு நீர், வெப்பம், கிருமி எல்லாம் பொது. தீவனம் தொட்டிக்குத்தானே கொடுக்கப்பட்டது? அதனால் உண்மையில் அவரிடம் இருப்பது தீவனத்துக்கு ஒரு மாதிரிதான். எடை கூடியது தீவனத்தாலா, தொட்டியாலா என்று எந்தக் கணக்கும் பிரித்துச் சொல்லாது. தொட்டிக்கு ஐந்து மீன் வீதம் எட்டுத் தொட்டிகளில் விட்டு, எதற்கு எந்தத் தீவனம் என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்திருந்தால் அதே 40 மீன்கள் பயன்பட்டிருக்கும். இதை முதல் நாளில் மட்டுமே சரிசெய்ய முடியும்.

அடுத்தது அலகும் மென்பொருளும். 1999-இல் செவ்வாயை நெருங்கிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் அழிந்தது, விசையை ஒரு குழு பவுண்டு அலகிலும் மறு குழு நியூட்டன் அலகிலும் கணக்கிட்டதால்தான். ஆய்வகத்தில் இது ஓசையில்லாமல் நடக்கும். எக்செல் என்ற அட்டவணை மென்பொருளில் லாக் என்று அடித்தால் 10 அடிமான மடக்கை வரும். பைத்தான் கணினி மொழியில் அதே சொல், e என்ற எண்ணை அடிமானமாகக் கொண்ட இயல் மடக்கையைத் தரும். இரண்டுக்கும் சுமார் 2.3 மடங்கு வித்தியாசம். மார்ச்1, செப்ட்2 போன்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020-இல் அந்தப் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. வானிலைத் தரவில் விடுபட்ட அளவுக்கு -999 என்று குறிப்பதுண்டு. அது தெரியாத கூட்டாளி அதையும் சேர்த்துச் சராசரி எடுத்துவிடுவார். தரவு அட்டவணையின் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பொருள், அலகு, விடுபட்டதற்கான குறி ஆகியவற்றை எழுதிய ஒரு பக்கக் குறிப்பைத் தரவுக் கோப்போடு அனுப்புங்கள்.

ஆசிரியர் வரிசையையும் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். கணிதத்தில் பெரும்பாலும் அகர வரிசை. உயிரியலில் முதல் பெயர் உழைத்தவருக்கு, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருக்கு. ஆளுக்கொரு வழக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டிருந்தால், கட்டுரை முடியும்போது மனக்கசப்புதான் மிஞ்சும்.

கூட்டத்தில் பேசும்போது உங்கள் துறைக்கு வெளியே இருந்து வரும் கேள்விகளை, அடிப்படையானவை என்று ஒதுக்கிவிடாதீர்கள். "எத்தனை தொட்டி?" என்பதும் அப்படி ஒரு கேள்விதான். கேட்டவரின் பெயரையும் குறித்துக்கொண்டு, அடுத்த சோதனையைத் திட்டமிடும்போது அவரைக் கூப்பிடுங்கள்.